பின்னறையில் ஒரு மெதுவான நிலநடுக்கம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் நிலநடுக்கம் செய்துகொண்டிருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தெருவில் என்னைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். சுனாமி வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். சுனாமி வந்த அன்று காலையில் தாம்பரத்தில் கட்டில் ஆடியதையும் குடத்துத் தண்ணீர் தளும்பியதையும் எல்லோரும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காய்கறி வாங்கப் போனால்கூட, "அடுத்தது எப்ப மேடம்?" என்று பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்பார்கள். தெரியாது என்றால் நம்ப மாட்டார்கள். தெரிந்தே மறைக்கிறேன் என்று நினைத்தார்கள்.

என் ஆராய்ச்சி அந்த மாதிரி நிலநடுக்கத்தைப் பற்றியதே இல்லை. சுவரை இடிக்காத, ஒரு டம்ளரைக்கூட உருட்டாத, மெதுவான நிலநடுக்கத்தைப் பற்றியது. இதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் இருந்த ஆர்வம் வடிந்துவிடும்.

பூமியின் பாறையில் பிளவுகள் உண்டு. பிளவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக நகரப் பார்க்கின்றன. ஆனால் பிளவின் முகத்தில் பாறையும் பாறையும் உராய்வால் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடி விடாத வரை பாறை வளைந்து, இறுக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு நாள் பிடி நழுவும். பல வருட நகர்வு சில நொடிகளில் நடந்து முடியும். அதுதான் எல்லோருக்கும் தெரிந்த நிலநடுக்கம். செயற்கைக்கோள் வழியாக இடத்தை அளக்கும் கருவிகள் வந்த பிறகு வேறொன்று தெரியவந்தது. சில பிளவுகளில் அதே பிடி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நழுவுகிறது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய நிலநடுக்கத்துக்குக் குறையாத நகர்வு. ஆனால் அதற்கு மேலே குடியிருப்பவர்கள் தூங்கி எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய் வந்துகொண்டே இருப்பார்கள்.

ஏன் ஒன்று வேகம், இன்னொன்று மெது? பீரோ நகர்த்தியவர்களுக்கு இது புரியும். கையை வைத்து நேராகத் தள்ளினால் பீரோ சீராக நகரும். அதையே சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்துப் பாருங்கள். டியூப் நீளும், இன்னும் நீளும், பீரோ அசையாது. பிறகு ஒரே குதியாகக் குதித்து உங்கள் கால்விரல் மேல் வந்து நிற்கும். பீரோவும் அதேதான், தரையும் அதேதான். இழுக்கிற பொருளின் விறைப்பு மட்டும் வேறு. நகர ஆரம்பித்ததும் உராய்வு குறைகிறது, நகர நகர டியூபின் இழுப்பும் குறைகிறது. உராய்வு முந்திக்கொண்டு குறைந்தால் குதி. இழுப்பு முந்திக்கொண்டு குறைந்தால் சீரான நகர்வு. இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே குறைந்தால், குதிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், பொருள் மெதுவாக நழுவும். ஒரு பிளவு எப்படிப் போகும் என்பது பிளவின் குணத்தில் மட்டும் இல்லை, சுற்றி இருப்பவை எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்பதிலும் இருக்கிறது என்று ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். எழுதியபோது பாறையை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அந்த நடுநிலையை ஒரு சாதாரண இயந்திரத்தில், சாதாரணக் கல்லில், திரும்பத் திரும்ப நிகழ்த்திக் காட்டுவதுதான் என் ஆய்வு. நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகச் செய்தேன். கல்லூரியில் இடம் கேட்டேன், சிரித்தார்கள். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அதனால் அது மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. வருடங்கள் ஓடின. பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு நீட்டிப்பு கொடுத்து, இதற்குமேல் கிடையாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கெடுவுக்குள் என் கல் மெதுவாக நகர வேண்டும். நகராவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கணவர், அவருடைய அம்மா. மாமியாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். கணவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும், அதாவது மாமியின் கையிலிருந்து. மாமனார் கட்டிய வீடு அது. அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட மொசைக் தரை. அந்தத் தரையில் ஒரு ஆணி இறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் இயந்திரத்துக்கு மாமி போட்ட நிபந்தனை.

அதனால் எதையும் தரையில் போல்ட் போட்டு இறுக்க முடியவில்லை. பட்டறையிலிருந்து வந்த இரும்பு மேடை ஒரு பக்கம், அதைத்தான் கல்மேடை என்பேன். அதன்மேல் சமையலறை மேடைக்கு வாங்குகிற கருங்கல் பலகை, பலகைமேல் கல்பொடி, பொடிமேல் இன்னொரு கல், அதன்மேல் இரும்பு எடை. இன்னொரு பக்கம், தனியாக, மோட்டார் ஸ்டாண்டு. மோட்டாரின் அதிர்வு கல்லுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் தனி ஸ்டாண்டு, அதன் கால்களுக்கு ரப்பர். மோட்டார் கடிகாரத்தின் சின்ன முள்ளைவிட மெதுவாக ஒரு ஸ்பிரிங் வழியாகக் கல்லை இழுக்கும். கல்லை இழுக்கும்போது ஸ்டாண்டும் கல்மேடைப் பக்கம் சரியப் பார்க்கும் அல்லவா? அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசை செங்கல். கல் எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒரு பழைய கம்ப்யூட்டர் கோடாக வரைந்துகொண்டிருக்கும்.

தடித்த ஸ்பிரிங் போட்டால் கோடு நேராகப் போனது. மெல்லிய ஸ்பிரிங் போட்டால் கல் நின்று நின்று, டக்கென்று குதித்தது. கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. எனக்கு வேண்டியது முனை மழுங்கிய படிகள். பாரிமுனையில் ஸ்பிரிங் விற்கிற கடைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே உள்ளே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு அலைந்தேன். படி மழுங்கவில்லை.

எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். இதைச் சொல்லிவிட்டுத்தான் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயந்திரம் வந்தபோது அறையில் வேறொன்றும் கிடையாது. முதலில் ஒரு கிழிந்த பாய் வந்தது. "ஒரு ஓரமா வெச்சிக்கிறேம்மா" என்றார் மாமி. பிறகு ரிப்பேரான டேபிள் ஃபேன். பிறகு விருந்தாளிகளுக்கான தலையணைகள், பிரியாணி அண்டா, நாத்தனார் விட்டுப்போன சூட்கேஸ், மாதா மாதம் வருகிற அரிசி மூட்டை. ஒவ்வொன்றும் ஒரு ஓரமாகத்தான் வந்தது. ஒரு அறைக்கு நாலு ஓரம்தான் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. மாமிக்கு அது எட்டாகவும் பத்தாகவும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். கடைசியில் இயந்திரத்தின் ஒரு பக்கம் போக உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது.

இறுக்கம் மெதுவாக இறங்கிவிட்டால் நல்லதுதானே, பெரிதாக வராதே என்று கணவர் ஒருமுறை கேட்டார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நகர்ந்த இடத்துக்கு நல்லதுதான். ஆனால் அது அதுவரை தாங்கிக்கொண்டிருந்த பாரம் எங்கேயும் காணாமல் போய்விடாது. பிளவிலேயே நகராமல் பக்கத்தில் நிற்கிற பகுதியின் தலையில் போய் ஏறும். அவருக்கு இதை எங்கள் மின்சார ரயிலை வைத்துத்தான் சொன்னேன். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி தாம்பரத்துக்கு வரும்போதே பெண்கள் பெட்டி நிரம்பியிருக்கும். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருத்தி வந்து, கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா என்பாள். ஓரத்தில் இருப்பவள் ஒரு விரற்கடை நகர்வாள், அடுத்தவளும் நகர்வாள். இருவருக்கும் நல்ல பெயர். ஜன்னலோரத்தில் இருப்பவளுக்கு நகர இடம் கிடையாது, மூச்சு முட்டும். பல்லாவரம் தாண்டி அவள் ஒரு வார்த்தை சொன்னால், அந்தம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும். எங்கள் வீட்டில் அந்த ஜன்னலோரம் நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த நெரிசலுக்கு நடுவே ஒரு நாள் கோடு மழுங்கியது.

கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், திரையில் ஒரு படி. ஆனால் அதன் முனை செங்குத்தாக இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டு கல் மெல்ல நழுவி, மெல்ல நின்றிருந்தது. நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. அதே ஸ்பிரிங், அதே எடை. சந்தோஷத்தில் மாமியைக் கட்டிப்பிடித்தேன். அவர் கையில் கரண்டியோடு, இன்னாத்துக்கு என்று தெரியாமலே சிரித்தார்.

ஆனால் அது ஒரு பேஜாரான சந்தோஷம். மாதத்தின் தொடக்கத்தில் கோடு நேராகப் போகும். நடுவில் சில நாட்கள் மழுங்கிய படிகள். மாதக் கடைசியில் டக் டக்கென்று குதி. மறுமாதமும் அப்படியே, அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. என் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் கல் மாதச் சம்பளக்காரன் மாதிரி இருக்கிறதே, கடைசி வாரத்தில்தான் சத்தம் போடுகிறது என்றார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னதுதான் நெஞ்சில் நின்றது. காரணம் தெரியாமல் இதை எழுத முடியாது, எழுதினாலும் யாரும் ஏற்க மாட்டார்கள் என்றார். வெயில், ஈரம், வோல்டேஜ், ரயில் அதிர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தினமும் காலையில் கோட்டில் ஒரு சின்னப் பல் தெரியும். அது முதல் ரயில்களின் அதிர்வு என்று முடிவுகட்டியிருந்தேன்.

அப்படி ஒரு மாத நடுவில், ஞாயிற்றுக்கிழமை, கல் நழுவ ஆரம்பித்ததை முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் கோடு அழகாக வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்போது மாமி பின்வாசல் வழியாக கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு ஓரமா வெச்சிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நிமிர்த்தி வைத்தார். வைத்த வேகத்தில் தரை அதிர்ந்தது. கல் டக்கென்று குதித்தது. வளைந்துகொண்டிருந்த கோடு செங்குத்தாக எழுந்து நின்றுவிட்டது.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதில் பாதி நினைவில்லை, மறுபாதியை எழுத விருப்பமில்லை. இது வீடா குடோனா என்று கேட்டது நினைவிருக்கிறது. உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்றும் கேட்டேன். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சிலிண்டரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார். சத்தம் கேட்டு வந்த கணவர் வாசலில் நின்று, "காலையில நல்லாத்தானே இருந்த? இன்னா திடீர்னு?" என்றார். அந்தத் திடீர் என்ற சொல் என்னை இன்னும் கொளுத்திவிட்டது. திடீரென்று நடக்கிற எதுவும் திடீரென்று நடப்பதில்லை என்பதைத்தானே இத்தனை வருடம் படித்துக்கொண்டிருக்கிறேன்?

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது பின்னறை காலியாக இருந்தது. பாய், ஃபேன், அண்டா, சூட்கேஸ், மூட்டை எதுவும் இல்லை. தரையை பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். கல்மேடைக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே செங்கற்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. மாமி என்னோடு பேசுவதை நிறுத்திவிடவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டியா, கதவ சாத்திக்கோ என்கிற அளவில் பேசினார். அறை எனக்குக் கிடைத்துவிட்டது. கொஞ்சம் வெட்கமாகவும், உண்மையைச் சொன்னால் நிம்மதியாகவும் இருந்தது.

அந்த மாதத்தின் மிச்ச நாட்களில் கோடு நேராகப் போனது. மாதக் கடைசி வந்தது, ஒரு குதிகூட இல்லை. அடுத்த மாதமும் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போலக் கோடு. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியிருந்த ஒன்று காரணமே சொல்லாமல் போய்விட்டது. கல்லூரியில் பாடம் நடத்தும்போது நடுவில் வாக்கியம் மறந்து நின்றேன். ரயிலில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் கேட்காமலே தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

என்ன மாறியது என்று யோசித்தால் ஒரே பதில்தான். அறை காலியானது. அப்படியானால் அறையில் இருந்த எதுவோ ஒன்று கல்லை நகர்த்தியிருக்கிறது. அறிவியல் முறைப்படி அதற்கு ஒரே வழி, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்ப்பது. ஒரு விடுமுறை நாளில் பரணிலிருந்து பாயை இறக்கிக்கொண்டு வந்தேன். பிறகு டேபிள் ஃபேன். பிறகு அண்டாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, பழைய ஓரத்தில் வைத்தேன். நிமிர்ந்தால் மாமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா அன்னிக்கு அம்மாம் சத்தம் போட்ட?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் கடைவாயில் அடக்கிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். மாமி உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். அரிசி மூட்டையை மறந்துவிட்டாயே என்றார். அதையும் கொண்டுவந்து செங்கல்லுக்கு முன்னால் வைக்கத்தான் இருக்கிறேன் என்றேன்.

"செங்கல்லுக்கு முன்னாடி இல்லம்மா. செங்கல்லு இருந்த எடத்துலயே வெச்சிருந்தேன்."

பாத்ரூம் வாசலில் தண்ணீர் டிரம்மைத் தூக்கி நிறுத்த நாலு செங்கல் தேவைப்பட்டதாம். எடுத்துக்கொண்டார். ஆனால் என் இயந்திரம் சரிந்துவிடக் கூடாதே என்று, பொறுப்பாக, அந்த இடைவெளியில் அரிசி மூட்டையைச் செருகி வைத்திருக்கிறார். புது மூட்டை வந்ததும் பழைய சாக்கை உருவிவிட்டு இதைச் செருகுவார். அறையைக் காலி செய்த அன்றுதான் செங்கற்களைக் கழுவித் திரும்ப வைத்திருக்கிறார். நான் அதைத் தினமும் பார்த்தேன். செங்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே வீடெல்லாம் தேடிய கதைதான்.

அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஸ்பிரிங்கின் விறைப்பை மட்டும் கணக்கில் எடுத்திருந்தேன். ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஸ்டாண்டை, ஸ்டாண்டைத் தாங்குகிறதை, எடுக்கவில்லை. மாதத் தொடக்கத்தில் மூட்டை நிறைந்து விறைப்பாக இருக்கும். செங்கல்லுக்கு அதிகம் குறையாது, கல் சீராக நகரும். அரிசி குறையக் குறைய மூட்டை தளரும், ஸ்டாண்டு விட்டுக்கொடுக்கும். பாதிக்குக் கீழே போகும்போது உராய்வும் இழுப்பும் சரிக்குச் சரியாகிக் கல் நழுவும். மாதக் கடைசியில் சாக்கு துவண்டுபோனதும் கல் குதிக்கும். காலையில் கோட்டில் தெரிந்த சின்னப் பல் ரயில் இல்லை. பட்டறைச் சாப்பாட்டுக்கு மாமி படியால் அரிசி அள்ளியது.

மூட்டை வேண்டும் என்று கேட்டேன். திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும், பாதிக்குக் கீழே, அதிலிருந்து யாரும் அள்ளக் கூடாது. மாமி தலையாட்டினார். இருவருமாகச் செங்கற்களை எடுத்துவிட்டு மூட்டையைச் செருகினோம். அப்போதுதான் ஸ்டாண்டைச் சுற்றித் தரையில் நாலு வட்டமான துருக்கறையைப் பார்த்தேன். ஒரு நீள்சதுரத்தின் நான்கு மூலையிலும் இருப்பதுபோல ஒவ்வொன்று, ஏதோ கனமான ஒன்றின் கால்கள் நெடுநாள் நின்ற அடையாளம். இது என்ன மாமி என்றேன்.

"என் மெஷின் நின்ன எடம்" என்றார்.

அவரிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது எனக்குத் தெரியும். காலால் மிதிக்கிற பழைய மெஷின். என் கல் இந்த வீட்டுக்கு வந்த சமயத்தில் அது ஊரப்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனதும் தெரியும். மகளுக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. நாத்தனாருக்குத் தைக்கத் தெரியுமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் எதுக்குக் கேட்டாள், அவளுக்கு ஒரு பொத்தான் தைக்க வராது என்றார் மாமி. பிறகு, மூட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"வாராவாரம் ஊரப்பாக்கம் எதுக்குப் போறேன்னு நெனச்ச?"

ஒரு துணிப்பையோடு அவர் ரயிலேறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மகளைப் பார்க்கப் போகிறார், நமக்கு ஒரு நாள் வீடு அமைதியாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். பையில் தெருப் பெண்களின் ஜாக்கெட் துணி இருந்திருக்கிறது. தைத்து முடித்து அதே பையில் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு இடம் விட்டுத் தன் மெஷினை ரயில் போகும் தூரத்துக்குத் தள்ளிவைத்தவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகுதான் பாயும் ஃபேனும் ஒவ்வொன்றாகத் தன் பழைய அறைக்குள் வந்தன. நான் நகர்ந்ததை மட்டும்தான் நான் அளந்துகொண்டிருந்தேன். பிளவில் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகின என்றுதான் சொல்ல முடியும் என்று மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். டீ போடட்டுமா மாமி என்றேன்.

மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிசியை எடுத்து, சரியான அளவைக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆனது. கிடைத்ததும் மாமி கோணி ஊசியும் சணலும் கொண்டுவந்து மூட்டையின் வாயைத் தைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு, மாலை அஸர் தொழுகை முடித்து வந்து, ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கோடு வளைய ஆரம்பித்தது. இதுதான், இப்போது நகர்கிறது என்றேன். அவர் திரையை விட்டுவிட்டுக் கல்லையே பார்த்தார். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

"சத்தமே போடலியே. இது நகர்ந்தது யாருக்குத் தெரியும்?" என்றார்.

"பக்கத்துல இருக்கிறதுக்குத் தெரியும் மாமி. அது தலையிலதான் பாரம் ஏறும்."

அப்படின்னா தெரியும்தான் என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போனார்.

அந்த வாரமே பட்டறையின் டெம்போவில் ஊரப்பாக்கத்திலிருந்து தையல் மெஷின் திரும்ப வந்தது. பழைய கறைகளின்மேல் நிற்க முடியாது, அங்கே ஸ்டாண்டு இருந்தது. ஜன்னலோரமாக நிறுத்தினோம். மாமி மிதித்தால் தரை லேசாக அதிரும், கோட்டில் பல் விழும். அது பரவாயில்லை, கல் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம்தான் அதிகம். நழுவ ஆரம்பித்தால் மட்டும் அதிர்வு கூடாது. நான் இருக்கும்போது நான் சொல்கிறேன், இல்லாதபோது என்ன செய்வது என்று கவலைப்பட்டேன். கோடு வளைந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதானே என்றார் மாமி.

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. நான் கல்லூரியில் இருந்த பகல்களில் மாமி தைத்துக்கொண்டும் திரையைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். மழுங்கிய படிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. கெடு முடிவதற்குள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. அதில் இயந்திரத்தின் படத்தில் ஸ்டாண்டுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு உருண்டை இருந்தது. வரைவைப் பார்த்த அன்றே இது என்ன என்று வழிகாட்டி கேட்டிருந்தார். அரிசி சார், புழுங்கல் என்றேன். பட்டம் கிடைத்ததைவிட அவர் அன்று சிரித்த சிரிப்புதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது வேறொன்று. ஒரு சனிக்கிழமை. நான் அடுப்படியில் பட்டறைச் சாப்பாட்டுக்குக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் பாதி அப்போது என்னுடையதாகியிருந்தது. பின்னறையில் மாமி தைத்துக்கொண்டிருந்தார், மெஷினின் தடதட சத்தம் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில், ஒரு தையல் பாதியில் இருக்கும்போதே, சத்தம் நின்றது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால்கூட அதிர்ந்துவிடும் என்று பயம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாதம் அதிராமல் பின்னறைக்கு நடந்தேன்.